கண்வலிக்கிழங்கு: நடும் நாளும் நடும் இடைவெளியும்



சென்ற மாதம் திருப்பூரிலிருந்து இளம் வியாபாரி ஒருவர் தாராபுரத்துக்கு என்னைத் தேடி வந்தார். பனியன் வியாபாரம் போக, மூலிகைத் தேநீர்ப் பாக்கெட்டுகளும் வாங்கி விற்கிறவர். "ஐயா, கெமோமில் என்கிற சீமைச் சாமந்திப் பூவுக்கு நல்ல கேட்பு இருக்கிறது. அது வறண்ட நாட்டிலும் விளையும் என்கிறார்கள். நம் தாராபுரம் காடுகளில் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்தப் பூ வறட்சியைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. எகிப்து போன்ற வறண்ட நாட்டில் கூட அதைக் குளிர்காலப் பயிராகத்தான் செய்கிறார்கள். வட இந்தியாவில் புரட்டாசி வாக்கில் நாற்றுவிட்டு, ஐப்பசி, கார்த்திகையில் எடுத்து நட்டு, மாசி, பங்குனியில் பூப் பறிக்கிறார்கள். நடவு பிந்தினால் பூ எடுக்கும் நேரத்தில் வெயில் வந்துவிடும், பூ குறைந்துவிடும். நமக்கோ அந்த அளவு குளிர்காலமே கிடையாது.

ஆனால் அவர் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. வறண்ட பூமியில் விளையும் மருந்துச் சரக்கு எதுவானாலும், என்று நட்டார்கள், எத்தனை அடி விட்டு நட்டார்கள் என்ற இரண்டு கணக்கில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. நம் பகுதியிலேயே இதற்குத் தக்க உதாரணம் உண்டு. அதுதான் கண்வலிக்கிழங்கு.

நம் ஊர்ச் சரக்கு

செங்காந்தள் என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் இதைச் சொல்வார்கள். இதன் பூதான் தமிழ்நாட்டின் மாநில மலர். ஒரு காலத்தில் வேலிகளில் தானாகப் படர்ந்து கிடந்தது. இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும், கீழே வேதாரண்யம் பக்கத்திலும் பணப்பயிராக நிற்கிறது.

விற்பனைக்குரியது இதன் விதை. விதையிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். யூரிக் அமிலம் கூடிக் கட்டைவிரல் மூட்டு வீங்கும் கவுட் நோய்க்கு இது பழைய மருந்து. 2023ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கவும் இதைச் சிறு அளவில் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. தசைப்பிடிப்புக்குத் தரும் தயோகோல்ச்சிகோசைடும் இந்தக் கோல்ச்சிசினோடு தொடர்புடைய மருந்துதான். வாங்குகிறவர்களில் வெளிநாட்டுக் கம்பெனிகளே முக்கியமானவர்கள். ஆகவே விலை நம் கையில் இல்லை. கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற ஆண்டும் உண்டு, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்ற ஆண்டும் உண்டு.

விலை நம் கையில் இல்லாதபோது நம் கையில் இருப்பது செலவு ஒன்றுதான். செலவில் பெரியது விதைக்கிழங்கு. அதை எப்போது மண்ணில் வைக்கிறோம், எத்தனை கிலோ வைக்கிறோம் என்பதை விவசாயியும், அவருக்கு முன்பணம் கொடுக்கும் வியாபாரியும் சேர்ந்தே அறிந்திருக்க வேண்டும்.

நடும் நாள்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. கண்வலிக்கிழங்குக்கும் அதுதான் பொருந்தும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஜூன், ஜூலை மாதங்களையே நடவுக்காலமாகச் சொல்கிறது. இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது.

நம் தாராபுரம் மலைக்கு மறைவான பூமி. தென்மேற்குப் பருவத்தில் மழை கேரளத்தில் பெய்துவிடும், நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் வந்து சேரும். நம் காடுகளுக்கு நம்பகமான மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவ மழைதான். இந்தக் காற்றுக்கும் அந்த மழைக்கும் நடுவில் பயிரை வளர்த்து, பூக்க வைத்து, காய் பிடிக்க வைக்க வேண்டும்.

கிழங்கு அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று மாதம் உறங்கும். உறக்கம் தெளியாமல் சித்திரை, வைகாசியில் நட்டால் முளைப்பு ஒரே சீராக இருக்காது. முளைத்ததும் இளம் கொடியைக் காற்று ஒடித்துப் போடும். கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. அது ஒடிந்தால் அந்த ஆண்டுக்கு அந்தக் கிளை போனதுதான்.

ஆடி முதல் வாரத்தில், அதாவது ஜூலை 20 வாக்கில் நட்டதாக வைத்துக்கொள்வோம். 45 முதல் 60 நாளில் பூ வரத் தொடங்கும். அப்படியானால் செப்டம்பரில் பூ. காற்று தணிந்திருக்கும், அடைமழை இன்னும் பிடித்திருக்காது. பூவில் பெரும்பகுதி ஐப்பசி மழைக்கு முன்பே காயாகிவிடும். சுமார் 170 நாள் கணக்கில் மார்கழிக் கடைசியில் காய் முதிரும். தை வெயிலில் பறித்து, நிழலில் உலர்த்தி, விதையைப் பிரித்துவிடலாம்.

அதையே செப்டம்பர் 20க்குப் பின் நட்டால் என்ன ஆகும்? நவம்பர் நடுவில் பூ வரும். அப்போதுதான் அடைமழை. நனைந்த மகரந்தம் ஒட்டாது, பூ அழுகி விழும், இலைக்கருகல் நோயும் அதே மழையில் பரவும். தப்பிய காய் முதிர மார்ச் ஆகிவிடும். அதற்குள் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். பிந்திய நடவில் பூவுக்கு மழைக் கேடு, காய்க்குத் தண்ணீர்க் கேடு என்று இரண்டு பக்கமும் அடி விழும்.

சொட்டுநீர் போட்டவர்கள் பத்து இருபது நாள் முன்பின் நடலாம். ஆனால் மழையைத் தள்ளி வைக்கச் சொட்டுநீரால் முடியாது.

நடும் இடைவெளி

இது வியாபாரிகளுக்குச் சுலபமாகப் புரியும் கணக்கு. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி.

வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, கிழங்குக்குக் கிழங்கு ஓர் அடி என்றால் ஏக்கருக்கு 29,040 கிழங்கு வேண்டும். கிழங்கு 50 கிராம் என்று கொண்டால் 1,452 கிலோ.

இரண்டு அடிக்கு ஓர் அடி என்றால் 21,780 கிழங்கு. எடை 1,089 கிலோ.

இரண்டு அடிக்கு ஒன்றரை அடி என்றால் 14,520 கிழங்கு. எடை 726 கிலோ. கிழங்கு 60 கிராம் இருந்தாலும் 871 கிலோவுக்கு மேல் போகாது.

முதல் கணக்குக்கும் கடைசிக் கணக்குக்கும் கிழங்குச் செலவு சரியாக இரண்டு மடங்கு. விளைச்சல் இரண்டு மடங்கு ஆகுமா என்றால் ஆகாது. அதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன்.

ஒன்று, காற்றோட்டம். இது பற்றிப் படரும் கொடி. கிளுவைக் குச்சியிலோ விராலி மாரிலோ கம்பிப் பந்தலிலோ ஏறுகிறது. நெருங்கி நட்டால் ஒரு கொடி மேல் இன்னொன்று ஏறி மூடிக்கொள்ளும். மழை விட்ட பின்னும் உள்ளே ஈரம் காயாது. இலைக்கருகல் அங்கேதான் தொடங்கும்.

இரண்டு, மகரந்தம் சேர்ப்பது. இந்தப் பூவின் சூல்தண்டு நேராக நிற்காமல் பக்கவாட்டில் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தன் மகரந்தம் தன்மேல் சரியாக விழாது. காலை 8 மணி முதல் 11 மணி வரை ஆட்கள் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். தொட்டு வைத்த பூவில்தான் காய் நன்றாகப் பிடிக்கிறது. நடக்க வழியில்லாத தோட்டத்தில் ஓரத்துப் பூவுக்கு மட்டுமே கை எட்டும். நடுவில் உள்ள பூ சும்மா உதிரும். கிழங்குக்குக் காசு கொடுத்து, பூக்கவும் வைத்து, காயாக்காமல் விடுவது கடையில் சரக்கு வாங்கி மூட்டை பிரிக்காமல் வைத்திருப்பதற்குச் சமம்.

மூன்று, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. ஒரு முறை நட்டால் நான்கைந்து ஆண்டு அதே இடத்தில் முளைத்துப் பலன் தரும் பயிர் இது. கிழங்கு பெருக்க இடம் வேண்டும். நெருக்கத்தில், தண்ணீர் நிற்கும் மண்ணில், அழுகல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

அதற்காக மூன்று அடி, நான்கு அடி என்று விட்டுவிடவும் கூடாது. களை மண்டும், பந்தல் செலவு வீணாகும். செம்மண் காட்டில், 50, 60 கிராம் கிழங்குக்கு இரண்டு அடிக்கு ஒன்றரை அடி என்பது என் அனுபவத்தில் நல்ல அளவு. சிறு கிழங்கானால் கொஞ்சம் நெருக்கலாம். அதிலும் வரிசை இடைவெளியைக் குறைக்க வேண்டாம், ஆள் நடக்க அது வேண்டும்.

நான் செய்த தவறு

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் விதைக்கிழங்கு வாங்கி இருப்பு வைத்தேன். ஆடியில் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. இன்னும் விலை ஏறும் என்ற ஆசை. ஆவணி போயிற்று. புரட்டாசி பிறந்ததும் கிழங்கு முளை விடத் தொடங்கியது. பயந்துபோய்த் தெரிந்த விவசாயி ஒருவருக்குக் கடனாகக் கொடுத்தேன்.

"ஏனுங்க, இத்தனை கெழங்கு நம்ம ஒரு ஏக்கருக்கு அதிகமில்லீங்களா?" என்று கேட்டார். "நெருக்கி நடுங்க, விதை சேர்த்து வரும்" என்றேன். அப்போது என் கிட்டங்கியைக் காலி செய்வது ஒன்றே என் எண்ணம்.

அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர் தோட்டம் கருகியது. பக்கத்துக் காட்டுக்காரர் ஆடியில், அகல நட்டவர். அவருக்கும் நோய் வந்தது, ஆனால் அதற்குள் காய் பிடித்துவிட்டது. நம்மவர் தை மாதம் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "உங்க பேச்சைக் கேட்டுத்தானுங்க நட்டேன்" என்று மட்டும் சொன்னார். மாட்டை விற்றுக் கடனில் ஒரு பகுதியைக் கொண்டு வந்திருந்தார். அந்தப் பணத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை. மீதிக் கடனையும் பேரேட்டில் அடித்துவிட்டேன்.

அவருக்கு நஷ்டம் வந்தது நாளாலா, நெருக்கத்தாலா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறு ஆண்டு அவரிடம் எஞ்சிய கிழங்கைத் தோண்டி, என் செலவில் இருவரும் ஒரு சோதனை செய்தோம். ஆடியில் ஒரே நாளில் பாதி நிலத்தில் நெருக்கியும் பாதியில் அகலமாகவும் நட்டோம். நெருக்கி நட்ட பாதியில் பூ அதிகம்தான். ஆனால் தராசில் விதை ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. கிழங்கு மட்டும் இரண்டு மடங்கு செலவாகியிருந்தது. இரண்டு பாதியிலும் கருகல் முந்தைய ஆண்டு போல அடிக்கவில்லை. நாள் தவறினால் முதலுக்கே மோசம், இடைவெளி தவறினால் லாபத்துக்கு மோசம் என்று அன்று புரிந்துகொண்டேன். முன் ஆண்டில் அவருக்கு இரண்டையும் நான் தவற வைத்திருந்தேன்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

1. விதைக்கிழங்கு விற்பவர்கள் ஆனிக்குள் சரக்கைப் பட்டுவாடா செய்துவிட வேண்டும். ஆவணி கடந்த கிழங்கைக் கடனாகத் தள்ளிவிடுவது வியாபாரம் ஆகாது.

2. கிழங்கைக் குவியலாகக் கொட்டாதீர்கள், மூட்டையை எறியாதீர்கள். முளைக்கண் ஒடிந்த கிழங்கு எடைக்கு நிற்கும், முளைக்கு நிற்காது.

3. முன்பணம் கொடுக்கும்போது ஏக்கர் எத்தனை என்பதோடு, நடவு நாளையும் இடைவெளியையும் கேட்டுக் குறித்து வையுங்கள். வரத்து எந்த மாதம் வரும், எவ்வளவு வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

4. விலை ஏறியதைப் பார்த்துப் பச்சைக் காயைப் பறிக்கச் சொல்லாதீர்கள். காயின் நிறம் மாறித் தோல் சுருங்கிய பிறகே பறிக்க வேண்டும். முதிராத விதை சுருங்கிப் போகும், பரிசோதனையில் தேறாது.

5. இது மிக முக்கியம். இந்தச் செடியின் கிழங்கு, விதை, இலை எல்லாமே கடும் விஷம். கிழங்கை உண்ணும் கிழங்கென்று எண்ணிச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. மளிகைச் சரக்கும் தானியமும் இருக்கும் அறையில் இதை வைக்காதீர்கள். இதற்குப் பயன்பட்ட சாக்கை வேறு சரக்குக்கு எடுக்காதீர்கள். தொட்ட கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், விஷம் என்று எழுதி வையுங்கள்.

திருப்பூர்த் தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னதை இங்கேயும் சொல்லி முடிக்கிறேன். புதுச் சரக்கு எதுவானாலும் சந்தையில் என்ன விலை என்று மட்டும் விசாரித்துக்கொண்டு விவசாயியிடம் போகாதீர்கள். அந்தப் பயிருக்கு நம் காற்றும் மழையும் எந்த மாதம் ஒத்துவரும், ஏக்கருக்கு எத்தனை செடி தாங்கும் என்று முதலில் கேளுங்கள். கால் ஏக்கரில் உங்கள் பணத்தைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு அடுத்தவருக்குச் சொல்லுங்கள். நாம் கடையில் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் ஒரு வருடத்தை மண்ணில் புதைக்கிறார்.