கடைசி நெட்டோட்டப் பயிற்சி

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தூரம், 1921ஆம் ஆண்டில் உலகப் பொது அளவாக ஏற்கப்பட்டது. இப்போட்டிக்கு ஆயத்தமாகும் ஓட்டக்காரர்கள் பல மாதங்கள் பயிற்சி செய்வர். போட்டிக்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் இருக்கும்போது, அப்பயிற்சிக் காலத்தின் கடைசி நெட்டோட்டத்தை ஓடுவர். அதன் தூரம் பெரும்பாலும் 30 முதல் 35 கிலோமீட்டர்தான். போட்டியில் 42 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டியவர்கள், பயிற்சியில் அதற்கு முன்பே ஏன் நின்றுவிடுகிறார்கள்?

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசன் தன் வலிமையையும் ஏற்ற காலத்தையும் இடத்தையும் அறிந்து செயல்பட வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. மலைப்பாதையில் நடைபெறும் மாரத்தானுக்குப் பயிற்சி செய்பவருக்கும் இம்மூன்று அறிவும் தேவை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது ஜெலுத்தோங். அங்குள்ள பெர்சியாரான் கர்ப்பால் சிங் கடலோரப் பகுதி சமதளமானது. நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓடிப் பழக அது நல்ல இடம். ஆனால், சமதளத்தில் மட்டுமே ஓடிய கால்களுக்கு மலையேற்றம் பழகாது. அதற்குத் தண்ணீர்மலை முருகன் ஆலயத்தைத் தாண்டித் தாவரவியல் பூங்காவுக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து பினாங்குக் கொடிமலைக்குச் செல்லும் ஜீப் பாதை, சுமார் 5 கிலோமீட்டர் தூரம் செங்குத்தாக ஏறுகிறது. எனவே, ஜெலுத்தோங்கில் வாழும் ஓட்டக்காரர் முதலில் கடலோரத்தில் ஓடிக் கால்கள் சற்றுக் களைத்த பிறகு, மலைப்பாதையில் ஒரு பகுதியை ஏறி இறங்குமாறு தம் கடைசி நெட்டோட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். போட்டியிலும் களைத்த கால்களோடுதான் மேடு ஏற வேண்டியிருக்கும்.

ஏறுவதைவிட இறங்குவது எளிது என்று பலர் எண்ணுவர். மூச்சுக்கு அது எளிதுதான், தொடைக்கு எளிதன்று. இறக்கத்தில் ஓடும்போது முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் வேகத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. இதனால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். ஓரிரு நாள் கழித்துப் படிக்கட்டில் இறங்கும்போது அதன் வலி தெரியும். எனினும், இவ்வாறு ஒருமுறை வலித்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்துடன் செய்யும். மூன்று வாரங்களுக்கு முன்பே இறக்கத்தில் ஓடிப் பழகுவதன் பயன் இதுவே.

அடுத்து வலிமை. ஓடுவதற்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதி, தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டுள்ளது. பலருக்கு 30 கிலோமீட்டர் அளவில் இச்சேமிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் போட்டியின் கடைசிப் பகுதி கடினமாகிறது. தொடக்கத்தில் வேகத்தை அடக்குவதையும், ஓடும்போதே சிறிது உணவும் நீரும் உட்கொள்வதையும் கடைசி நெட்டோட்டத்தில் பழகிக்கொள்ள வேண்டும். பினாங்கின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் விரைவில் சூடேறும். பினாங்குப் பாலம் அனைத்துலக மாரத்தானும் நள்ளிரவு கடந்த வேளையில் தொடங்குகிறது. பயிற்சியையும் விடியுமுன் தொடங்குவதே நலம்.

வலிமையை இடமறியாமல் செலவிட்டால் என்னவாகும் என்பதற்கு, அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஒரு சான்று. 1936ஆம் ஆண்டுப் போட்டியில், முந்திய ஆண்டின் வெற்றியாளரான ஜான் கெல்லி, முன்னால் ஓடிய எலிசன் பிரவுனை விடாமல் துரத்தினார். ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்குப் பிறகு வரும் கடைசி மேட்டில் அவரை எட்டிப் பிடித்துத் தோளில் தட்டினார். உடனே பிரவுன் மீண்டும் வேகமெடுத்து வென்றார். துரத்துவதிலேயே வலிமையைச் செலவிட்ட கெல்லி ஐந்தாவதாக வந்தார். 'மனமுடைக்கும் குன்று' என்னும் பொருள்படும் பெயரை அம்மேடு அன்று பெற்றது. அதன் உயரமோ 27 மீட்டர்தான்! கொடிமலையோடு ஒப்பிட்டால் அது ஒரு திட்டு. களைப்பு மிகுந்த நேரத்தில் எதிர்ப்படுவதால்தான் அது மலையாகிறது. கெல்லி மனந்தளரவில்லை. 1945ஆம் ஆண்டில் அதே போட்டியில் மீண்டும் வென்றார்.

இறுதியாகக் காலம். உடல் வலுப்பெறுவது ஓடும்போது அன்று. ஓடிய களைப்பு ஆறும்போதுதான். பயிற்சியிலேயே முழுத் தூரத்தையும் ஓடிவிட்டால், அக்களைப்பு போட்டி நாள்வரை நீடிக்கக்கூடும். ஆகவே, கடைசி நெட்டோட்டத்துக்குப் பின் வாராந்தரத் தூரத்தைப் படிப்படியாகப் பாதியளவுக்கோ அதற்கும் கீழாகவோ குறைப்பர்; வேகத்தை மறக்காதிருக்கச் சில குறுகிய ஓட்டங்களை மட்டும் வைத்துக்கொள்வர்.

பயிற்சிக் காலத்தில் மிகக் கடினமான பகுதி இதுவே எனலாம். "32 கிலோமீட்டர் ஓடிய நான் 42 ஓடுவேனா?" எனும் ஐயம் எழும். சும்மா இருப்பது சோம்பலாகத் தோன்றும். அந்த அச்சத்தில் மேலும் ஒரு நெட்டோட்டம் ஓடுபவர், களைத்த கால்களோடும் சில வேளைகளில் காயத்தோடும் போட்டிக்கு வருகிறார். மாதக்கணக்கில் சேர்த்த வலிமை ஒரே நாளில் வீணாகிறது.

தேர்வுக்கு முந்திய இரவு உறங்காமல் படிக்கும் மாணவருக்கும் இந்த நிலைதான். படித்தவற்றை மனத்தில் பதிய வைப்பதில் உறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. முன்னரே திட்டமிட்டு உழைத்தவருக்கு, குறித்த வேளையில் புத்தகத்தை மூடவும் துணிவு வரும். கடைசி நெட்டோட்டம் முடிந்ததும் காலணியைக் கழற்றி வைக்கும் ஓட்டக்காரரிடம் இருப்பதும் அதே துணிவுதான்.