புள்ளியைக் கருவி வைக்கட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பிழைதிருத்தி போல எழுதுகிறவர்களுக்கு உதவும் மென்பொருளிலேயே நிற்பதா, கதையையும் பாட்டையும் தானே எழுதித் தரும் செயலி செய்யும் கம்பெனிக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். முதல் வழியில் நில் என்பதுதான் என் எண்ணம். காரணத்தை நீ தினமும் தட்டும் தமிழ்99 விசைப்பலகையிலிருந்தே சொல்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற பலகை அது. 'பக்கம்' என்று அடிக்க ககரத்தை இருமுறை தட்டினால் போதும், முதல் ககரத்தில் புள்ளி தானாக விழும். 'சங்கு', 'பஞ்சு' என மெல்லினத்தை அடுத்து அதன் வல்லினம் வந்தாலும் அப்படியே. அங்கே புள்ளி வேண்டுமா என்று எந்தக் கவிஞரும் யோசிப்பதில்லை. மொழியின் வழக்கம் முன்பே தீர்மானித்துவிட்டது. 'தத்துவம்' போன்ற சொற்களை எழுதும்போது முதல் தகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்டி அந்தப் புள்ளியைத் தடுத்துவிடலாம். எழுதுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டாததை மட்டுமே கருவி எடுத்துக்கொண்டது. அதையும் மறுக்கும் உரிமையை அவர் விரலிலேயே விட்டுவைத்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தமிழில் எழுத உதவும் முரசு மென்பொருளைத் தொடங்கியதும், 2005இல் செல்லினம் செயலியைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்ததும் இந்த வழியில்தான். என்ன எழுதுவது என்பதில் அவருடைய மென்பொருள் தலையிடவில்லை. எழுத முடியாமல் கிடந்தவர்களை எழுத வைத்தது.

விசைத்தறி வந்து கைத்தறியைத் தின்றதே, கருவியை யார் தடுக்க முடியும் என்பாய். அருப்புக்கோட்டைக்காரனான உனக்கு அந்தக் கேள்வி வருவது நியாயம். ஆனால் ஜக்கார்டு பெட்டியும் இயந்திரம்தான். துளையிட்ட அட்டைகள் நூலைத் தூக்கிக் கொடுக்க, கைத்தறிக்காரர் முன்னைவிட நுணுக்கமான பூவைப் போட முடிந்தது. விசைத்தறியோ அவர் கையையே வேண்டாம் என்றது. அதனால்தான் 1985இல் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இயந்திரம் என்ற பெயர் இரண்டுக்கும் பொதுதான், செய்த வேலை வேறு. எதைச் செய்து கொடுப்பது என்ற முடிவில் உனக்கும் பங்குண்டு.

முதல் வரைவை மட்டும் இயந்திரம் தரட்டும், மனிதர் திருத்திக்கொள்வார் என்ற வாதம் இன்னும் வலுவானது. அலுவலகக் கடிதத்துக்கு அதை ஒப்புக்கொள்கிறேன். கதையில் முதல் வரைவிலேயே யார் பேசுகிறார், எந்த ஊர்ப் பேச்சில் பேசுகிறார் என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. பெரும்பான்மை எழுத்தைப் படித்துப் பழகிய இயந்திரம் திருச்சுழிக் கிழவியையும் நாளிதழ்த் தமிழில் பேச வைக்கும். திருத்துகிறவருக்கு அது தப்பென்றே தோன்றாமல் போகலாம். நீ இருக்கும் இடத்திலேயே நின்றால் சம்பளம் குறையும் என்பது உண்மை, அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் அழுத்தினால் பகலில் வேறு வேலை பார், உன் பிழைதிருத்தியை விடாதே.

அதில் நீ அடுத்துச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்தார். நாற்பது ஆண்டு கழிந்தும் அந்தச் சொற்களில் பலவற்றின் கீழே பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடுகிறது. உரியவர்களிடம் அனுமதி கேட்டு அவற்றை உன் பிழைதிருத்தியில் சேர். ஊர் ஊராக வழக்கு மாறுவதால், எழுதுகிறவரே தன் ஊர்ச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளவும் ஒரு வழி வை.

அன்புடன்,
மாமா