கர்ணனின் கவசம் பளபளப்பது எப்படி?

மாணவர்களே! நெல்லிக்குப்பம், பண்ணுருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழா என்றால் விடிய விடியத் தெருக்கூத்து உண்டு. 1993-இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்ட பழைய தென்னார்க்காடு மாவட்டம், இக்கலை வேரூன்றிய மண். கர்ணனாக வேடமிடுபவர் தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் ஆகியவற்றை அணிந்து இரவு முழுவதும் ஆடுகிறார். பார்வைக்குப் பொன்னாகத் தோன்றும் இவை உண்மையில் மரத்தால் ஆனவை. கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் பதித்துச் செய்வார்கள். இந்தக் கட்டை அணிகளின் பெயரால் இக்கலைக்குக் 'கட்டைக்கூத்து' என்ற பெயரும் வழங்குகிறது.

பள்ளி ஆண்டு விழாவில் கர்ணனாக நடிக்கும் மாணவனுக்குக் கல்யாண முருங்கை கிடைப்பது அரிது. நுரைத்தகடு எளிதில் கிடைக்கும். உடற்பயிற்சிப் பாய்களிலும் செருப்புகளிலும் உள்ள ஈ.வி.ஏ. எனப்படும் 'எத்திலீன் வினைல் அசிட்டேட்' நுரையே அது. கத்தரியால் வெட்டலாம், விருப்பம்போல் வளைக்கலாம். ஆனால் அதன்மீது நேராகப் பொன்வண்ணம் பூசினால், கவசம் பழைய செருப்பைப் போலவே தோன்றும். இதற்குக் காரணம் என்ன?

துளையும் ஒளியும்

நுரை என்பது பெரும்பகுதி காற்று. மெல்லிய சுவர்களுக்குள் அடைபட்ட நுண்ணிய காற்றறைகளின் தொகுப்பு அது. மெத்தைப் பஞ்சில் அறைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் அது நீரை உறிஞ்சுகிறது. ஈ.வி.ஏ.யிலும் தெர்மாகோலிலும் அறைகள் மூடியவை. அவை நீரில் மிதக்கும். ஆயினும் கத்தி பட்ட இடத்தில் அறைகள் அறுபட்டு, சின்னஞ்சிறு கிண்ணங்களாக வாய் திறந்து நிற்கின்றன. பூசும் வண்ணம் இந்தக் கிண்ணங்களுக்குள் இறங்கிவிடுகிறது.

பளபளப்பு தோன்ற வேண்டுமானால் ஒளி ஒரே சீராகத் திரும்ப வேண்டும். பரப்பின் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியனவாக இருந்தால்தான் இது நிகழும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. 0.1 மி.மீ. அகலமுள்ள ஒரு குழி, இதைப்போல் சுமார் 200 மடங்கு பெரியது! எனவே ஒளி நாற்புறமும் சிதறுகிறது. கவசம் மங்கலாகத் தெரிகிறது.

முதற்படி: வெப்பம்

ஈ.வி.ஏ. வெப்பத்தால் இளகும் பிளாஸ்டிக்கு. வெந்நீர்ச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் தகட்டின்மேல் நகர்த்திச் சென்றால், மேற்பரப்பில் உள்ள அறைச்சுவர்கள் உருகுகின்றன. பரப்பு இழுவிசை அவற்றை இழுத்து ஒன்றாக இணைக்கிறது. மங்கலாக இருந்த பரப்பு இலேசாக மினுக்கம் பெறும். அதுவே நிறுத்த வேண்டிய அடையாளம். மேலும் சூடாக்கினால் தகடு சுருங்கும்; காடியைப் போன்ற நெடி எழும். மூலக்கூறுகள் சிதைந்து அசிட்டிக் அமில ஆவி வெளியேறுவதையே அந்த நெடி காட்டுகிறது. இந்த வேலையைத் திறந்த வெளியில், ஆசிரியரின் துணையுடன் மட்டுமே செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: பசைப்பூச்சு

தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் சம அளவு நீர் கலந்து தூரிகையால் பூசலாம். இந்தப் பசை, நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர்த் துகள்களால் ஆனது. நீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே சவ்வாகின்றன. பாலின் வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெளிவடைந்தால் பூச்சு உலர்ந்தது என்று பொருள்.

தடிப்பாக ஒரே முறை பூசினால் நேரம் மிச்சமாகாதா? ஆகாது. மேலே ஆடை படிந்த பின்னர், உள்ளிருக்கும் நீர் அதன் வழியே ஊடுருவித்தான் வெளியேற வேண்டும். இதற்கு ஆகும் காலம் ஏறத்தாழத் தடிப்பின் இருமடிக்கு ஏற்ப அமையும். ஒரு மெல்லிய பூச்சு உலர ஒரு மணி நேரம் ஆகிறது எனக் கொள்வோம். நான்கு பூச்சுகளைத் தனித்தனியே உலர்த்த 4 மணி. நான்கையும் ஒன்றாகப் பூசினால் 16 மணி! அதோடு வெடிப்பும் விழும். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இன்னும் தாமதமாகும்.

எஞ்சிய குழிகளைச் சாக்குப்பொடியும் பசையும் குழைத்து நிரப்பி, உலர்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இது புதிய முறையன்று. ஆந்திரத்துக் கொண்டபள்ளிப் பொம்மைகளில், இலேசான மரத்தின் மீது புளியங்கொட்டைப் பொடியும் மரத்தூளும் குழைத்த பசையை அப்பி, சுண்ணம் பூசிய பிறகே வண்ணம் தீட்டுகிறார்கள். துளையை அடைத்த பின்பே வண்ணம் என்பது கைவினைஞர் நெடுங்காலமாக அறிந்த விதி.

விறைப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு தகட்டை வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் குறுகுகிறது, நடுத்தளம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே வளைவை எதிர்க்கும் வேலையில் பெரும்பங்கு இரு மேற்பரப்புகளுடையது. இரு பக்கமும் கெட்டியான மெல்லிய தோல், நடுவே இலேசான நுரை என்றால், எடை கூடாமல் விறைப்பு கூடும். அட்டைப்பெட்டியின் நெளித்தாளும் விமானத்தின் தளப்பலகையும் இதே தத்துவத்தில் அமைந்தவை. பூச்சு உலரும்போது சுருங்குவதால், ஒரு பக்கம் மட்டும் பூசிய தகடு அந்தப் பக்கமாகச் சுருளும். எனவே இரு பக்கமும் பூசுங்கள். மார்புக்கவசத்துக்கு விறைப்பு நல்லது. தோளிலும் முழங்கையிலும் கெட்டிப்பூச்சு வெடிக்கும். அங்கே வளையக்கூடிய இரப்பர்ப்பால் பூச்சே ஏற்றது.

எச்சரிக்கை

1. தெர்மாகோலின் மீது தின்னர் கலந்த வண்ணத்தையோ தெளிப்பு வண்ணத்தையோ அடிக்காதீர்கள். அந்தக் கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பல நாள் உழைப்பு சில நிமிடங்களில் குழியாகிவிடும். நீரில் கரையும் பூச்சே பாதுகாப்பானது.

2. ஐசோசயனேட் சேர்ந்த இரு பகுதி வண்ணங்கள் மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. மாணவர்கள் அவற்றைத் தொடவே கூடாது.

3. நுரையைத் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

4. பூச்சு எதுவாயினும் உள்ளே இருப்பது எரியும் பொருளே. எரியும் நுரை உருகிச் சொட்டித் தோலில் ஒட்டும். தீப்பந்தம், கற்பூரத் தட்டு ஆகியவற்றின் அருகே நுரைக்கவசத்துடன் செல்லலாகாது. உடனே கழற்றக்கூடிய கட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

15 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் நான்கு நுரைத் துண்டுகளை வெட்டுங்கள். முதல் துண்டை அப்படியே விடுங்கள். இரண்டாவதற்கு வெப்பம் மட்டும். மூன்றாவதற்கு வெப்பமும், ஒரு பக்கம் நான்கு பூச்சும். நான்காவதற்கு வெப்பமும், இரு பக்கமும் நான்கு பூச்சும். நன்கு உலர்ந்த பின், ஒவ்வொன்றையும் மேசை விளிம்பிலிருந்து 10 செ.மீ. நீட்டி, முனையில் ஒரே நாணயத்தை வைத்து, எத்தனை மி.மீ. தாழ்கிறது என அளவுகோலால் அளந்து அட்டவணை இடுங்கள். இருட்டறையில் டார்ச்சு ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, எதில் ஒளிப்புள்ளி தெளிவாகத் தெரிகிறது என்றும் குறியுங்கள். கவசத்துக்குத் தகடு வெட்டும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் பொருள் வீணாகாது.

சிந்தியுங்கள்

1. மூன்றாம் துண்டு எந்தப் பக்கமாகச் சுருண்டது? ஏன்?

2. பூச்சில்லாத நுரைத்தகட்டின் தடிப்பை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு 8 மடங்காகும். தடிப்பைக் கூட்டுவதைவிடப் பூச்சிடுவது நடிகருக்கு எவ்வகையில் வசதி?

3. கூத்துக் கலைஞர்கள் கனமான மரத்தை விடுத்துக் கல்யாண முருங்கையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? உங்கள் ஊருக்குக் கூத்து வரும்போது, அணிகள் செய்தவரையே கேட்டு விடையைச் சரிபாருங்கள்.