விற்கிறவன் யார் என்று கேள்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் அம்மா போனில் சொன்னாள். சிறுசேரி வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் நிஃப்டி ஆப்ஷனில் இறங்கப் போகிறாயாம். ஆப்ஷன் வாங்கப் பணம் போதவில்லை என்று அவள் நகையை அடகு வைத்துத் தரச் சொன்னாயாம். வாட்ஸ்அப்பில் “வேண்டாம்” என்று ஒரு வரி போட்டால், பெரியம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று தள்ளிவிடுவாய். கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவள் நான். கணக்கு வைத்துத்தான் பேசுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

பங்குச் சந்தை என்றாலே சூதாட்டம் என்று சொல்கிறவள் இல்லை நான். உன் பெரியப்பாவும் நானும் பங்கு வைத்திருக்கிறோம். டிவிடெண்டும் வருகிறது. ஆனால் நாங்கள் செய்வதும் நீ செய்வதும் ஒரே ஆப்பில் நடக்கிறது என்பதைத் தவிர, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

விருதுநகரில் மண்டிக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவன் நீ. வத்தல் விலை இறங்கினால் குடோனைப் பூட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். நல்ல கம்பெனியின் பங்கும் அப்படித்தான். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்து 26,000-க்குக் கீழே போனது. விற்காமல் இருந்தவர்களுக்கு அந்த வருஷம் நவம்பரிலேயே பழைய உச்சம் திரும்பி வந்தது. நீ வாங்கும் ஆப்ஷனில் இந்தக் காத்திருப்புக்கு இடமே கிடையாது. செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு எக்ஸ்பயரி. நீ வாங்கிய கால் ஆப்ஷனின் ஸ்ட்ரைக் விலையை நிஃப்டி தாண்டவில்லையென்றால் கொடுத்த பிரீமியம் பூஜ்யம். புதன்கிழமை நிஃப்டி நீ நினைத்த மாதிரியே ஏறினாலும் உனக்குப் பத்துப் பைசா வராது. ஏறுமா இறங்குமா என்று சரியாகச் சொன்னால் போதாது, எத்தனை நாளைக்குள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். நீ வாங்குகிறாய் என்றால் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் விற்கிறார். அவர் யார்?

கம்பெனி லாபம் சம்பாதித்தால் பங்கு வைத்திருப்பவர் எல்லோருக்குமே அதில் கொஞ்சம் வரும். ஆப்ஷனில் புதிதாகப் பணம் எதுவும் உற்பத்தியாவது இல்லை. உனக்கு வந்தால் இன்னொருவர் பையிலிருந்து வர வேண்டும். உன்னிடமிருந்து போனால் இன்னொருவர் பைக்குப் போகும். நடுவில் தரகர், எக்ஸ்சேஞ்ச், அரசாங்கம் மூன்று பேரும் ஒவ்வொரு தடவையும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். யார் பைக்குப் போகிறது என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர் ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர் நூற்றில் ஒருவர். கட்டணமும் வரியுமாக மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி போயிருக்கிறது. அடுத்த ஆண்டுக் கணக்கும் வந்துவிட்டது. நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம், தொகை ஒரு லட்சம் கோடிக்கு மேல்.

அதே அறிக்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023-24-இல் லாபம் பார்த்தவர்கள் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும்தான். அவர்கள் லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கம்ப்யூட்டர் அல்காரிதம் வழியாக வந்தது. நீ மீட்டிங்குக்கு நடுவே மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு ஆர்டர் போடுகிறாயே, எதிர்ப்பக்கத்தில் இருப்பது அந்த இயந்திரம்.

2025 ஜூலையில் அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் மேல் செபி போட்ட இடைக்கால உத்தரவைப் படித்தாயா? காலையில் பேங்க் நிஃப்டிப் பங்குகளை அள்ளி வாங்கி இன்டெக்ஸைத் தூக்கியது, அதே நேரத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய அளவில் இன்டெக்ஸ் இறங்கினால் லாபம் வருகிற மாதிரி ஆப்ஷனில் நின்றது, மதியத்துக்கு மேல் பங்குகளை விற்று இறக்கியது என்பது குற்றச்சாட்டு. 4,843 கோடி ரூபாயைப் பிடித்து வைக்கச் சொன்னது செபி. நிறுவனம் மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போனது. குற்றமா இல்லையா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். அப்படிப்பட்ட பண பலம் எதிரே இருக்கிற ஆட்டத்தில், கடன் வாங்கிய பணத்தோடு நீ போய் உட்காரலாமா என்பதுதான் என் கவலை.

ஒரு சார் வகுப்பெடுக்கிறார், அவர் சிஸ்டத்தில் போனால் தப்பாது என்றாயாம். அந்த மாதிரி சார்களில் ஒருவர் கணக்கையும் செபி 2023 அக்டோபரில் வெளியே கொண்டுவந்தது. யூடியூபில் தன் லாபத்தை மட்டும் காட்டிக் கூட்டம் சேர்த்தவர். வகுப்புக் கட்டணமாக வாங்கிய 17 கோடிக்கு மேற்பட்ட பணத்தைக் கட்டி வைக்கச் சொன்னார்கள். இரண்டரை வருஷத்தில் அவருடைய சொந்த வர்த்தகத்தில் கிட்டத்தட்ட 3 கோடி நஷ்டம்! சிஸ்டம் தப்பாமல் பணம் தரும் என்றால் எவனாவது அதை 4,999 ரூபாய்க்கு விற்பானா? உன் சாரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்காதே. வருமான வரித் தாக்கலின் நகலைக் கேள்.

வரி என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபியூச்சர் ஆப்ஷனில் வருவது தொழில் வருமானம். நஷ்டமானாலும் காட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் போடும் ஐ.டி.ஆர்.-1 செல்லாது, ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும். போன வருஷம் எதைப் போட்டாய் என்று பார்த்துவிட்டு, உடனே ஒரு ஆடிட்டரைப் பார்.

சரி, பணத்தை என்னதான் செய்வது என்பாய். உன்னிடம் இருக்கிற பெரிய சொத்து உன் மாதச் சம்பளம். சந்தை விழுந்த மாதத்திலும் அது வரும், விழுந்த விலையில் வாங்கவும் அதுதான் உதவும். வேலையை விடுகிற அன்றைக்கே அந்தப் பலம் போய்விடும். அப்புறம் வீட்டு வாடகையையும் ஆப்ஷனில்தான் சம்பாதிக்க வேண்டும். அந்த அவசரத்தில் போடுகிற ஆர்டர் உருப்படாது. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் போடு. டேர்ம் இன்சூரன்ஸும் மருத்துவக் காப்பீடும் எடு. பி.எஃப்.-ஐத் தொடாதே. மிச்சத்தில் மாதாமாதம் குறைந்த கட்டணத்தில் ஓடும் இன்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடு. சுவாரசியமே இருக்காது, அதற்காகவே அது எனக்குப் பிடிக்கும்.

ஏன் ஒரே பங்கில் போடக்கூடாது என்றால் சத்யம் கம்ப்யூட்டர்ஸை நினைத்துக்கொள். நிஃப்டியிலேயே இருந்த கம்பெனி. 2009 ஜனவரி 7 அன்று கணக்கு பொய் என்று தலைவரே கடிதம் எழுதினார். ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் விலை போயிற்று. இன்டெக்ஸில் இருந்தவர்களுக்குச் சின்ன அடி, அந்தப் பங்கை மட்டும் வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பகுதி போயிற்று. இன்டெக்ஸும் சாசுவதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தாண்ட 2024 பிப்ரவரி ஆயிற்று. “லாங் டேர்ம்” என்று வாய்க்கு வாய் சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் சந்தையில் போடாதே, பத்து வருஷத்துக்குள் தேவைப்படுகிற பணத்தைப் போடாதே என்கிறேன்.

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். தரகர் ஆப்பில் டேக்ஸ் பி அண்ட் எல் என்று ஒரு ஃபைல் இருக்கும். ஆரம்பித்த நாளிலிருந்து எல்லா வருஷத்துக்கும் எடு. கட்டணம், வரி எல்லாம் கழித்துக் கடைசியில் நிற்கும் ஒரே ஒரு எண்ணை எனக்கு அனுப்பு. நல்ல நாளின் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அந்த எண் எதுவானாலும் நான் திட்ட மாட்டேன், உன் பெரியப்பாவிடமும் சொல்ல மாட்டேன். நஷ்டம் என்றால் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுது. அடைக்க வழி பார்க்கலாம்.

அதுவரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதே. அம்மாவிடம் நகையைக் கேட்காதே.

அன்புடன்,
பெரியம்மா