மட்டக்குதிரைக்கு ஏற்ற சேணம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளின் மட்டக்குதிரை 107 செ.மீ. உயரத்துக்கு மேற்படுவதில்லை, முதுகோ நல்ல அகலம். சிறுவர் சவாரி பழக ஏற்றது. இதற்குச் சேணம் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளையின் அளவை மட்டும் பார்த்தால் போதுமா?

பிள்ளையின் நிறை 25 கிலோகிராம், சேணத்தின் நிறை 5 கிலோகிராம் எனக் கொள்வோம். முதுகின்மீது செயற்படும் விசை சுமார் 300 நியூட்டன். சேணம் 1,000 சதுர செ.மீ. பரப்பில் சீராகப் படிந்தால் அழுத்தம் 3,000 பாஸ்கல். பொருந்தாமல் 100 சதுர செ.மீ. பரப்பில் மட்டும் பட்டால்? விசை மாறவில்லை; அழுத்தமோ 30,000 பாஸ்கல்! அது நீடித்தால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து புண் உண்டாகும்.

குறுகிய சேணத்தின் அடியில் தடித்த கம்பளியைத் திணிப்பது, இறுகிய காலணிக்குள் தடித்த காலுறை அணிவதைப் போன்றது, இறுக்கமே கூடும். சேணம் முதுகெலும்பின்மேல் படவே கூடாது.

பிள்ளையின் பாதுகாப்புக்கு அங்கவடி முக்கியம். அது காலணியைவிடச் சுமார் 2.5 செ.மீ. அகலமாக இருக்கவேண்டும், குறுகினால், விழும்போது கால் சிக்கிக்கொள்ளும். சில அங்கவடிகளின் வெளிப்புறத்தில் ரப்பர் வளையம் உண்டு. கால் அழுத்தியதும் அது கழன்று விடுவிக்கும்.

சோதனை எளிது. சேணத்துக்கடியில் உள்ளங்கையை முன்னிருந்து பின்னாக நகர்த்துங்கள். எங்கேனும் கை நசுங்குகிறதா? வாயில்லாச் சீவன் சொல்ல இயலாததை உங்கள் கை சொல்லிவிடும்.