மழைத் தண்ணீரில் நடந்தீர்களா?

தேங்கிய மழைநீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். அதிலுள்ள லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாதான் எலிக்காய்ச்சலுக்குக் காரணம். எலி கடிக்கவே வேண்டாம். காலில் சிராய்ப்போ பித்தவெடிப்போ சேற்றுப்புண்ணோ இருந்தாலே உள்ளே புகுந்துவிடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலும் இருக்கக்கூடும்.

வயலில் இறங்குபவர்களும் தொழுவம் கழுவுபவர்களும் ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும். கூலிக்கு ஆள் வைப்பவர்கள்தான் அதை வாங்கித் தர வேண்டும். புண்ணின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நோய் வெளிப்படப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் வெள்ளத்தில் நடந்ததே மறந்துபோகும். ஆபத்து அங்கேதான். திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, பீளை தள்ளாமல் சிவந்த கண் என்றால் பாராசிட்டமால் போட்டு நாள் கடத்தாதீர்கள். தண்ணீரில் நடந்ததை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்து வேறாகலாம்.

கண் மஞ்சளாகி, சிறுநீரும் குறைந்தால் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீரகம் செயலிழக்கும் நிலை அது. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.