பச்சை என்றால் எந்தப் பச்சை?

மண்டைக்காட்டில் பால் வாங்கக் கடைக்கு அனுப்பும்போது வீட்டில் உங்களிடம் என்ன சொல்லி அனுப்புகிறார்கள்? "மக்களே, நீலப் பாக்கெட்டு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றுதானே? கொழுப்பின் அளவை யாரும் சொல்வதில்லை. நிறத்தைச் சொன்னாலே போதும்.

ஆவின் பாலை வாங்குவோர் நெடுங்காலமாகப் பழகிய கணக்கு இது: நீலம் என்றால் 3 விழுக்காடு கொழுப்புள்ள சமன்படுத்தப்பட்ட பால், பச்சை என்றால் 4.5 விழுக்காடு கொழுப்புள்ள நிலைப்படுத்தப்பட்ட பால். ஆரஞ்சு என்றால் 6 விழுக்காடு கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. எழுத்தறியாத பாட்டியும் இந்தக் கணக்கில் ஏமாறுவதில்லை. ஆகவே, உறையின் மேலுள்ள நிறம் வெறும் அலங்காரமன்று. அதுவும் ஓர் எழுத்து. ஓர் அச்சகத்தின் பச்சை மற்றோர் அச்சகத்தில் நீலத்தை ஒட்டி விழுந்தால், அந்த எழுத்தே பிழையாகிவிடும். அப்படி நேராமல் காப்பது எப்படி?

நிறத்துக்கு எண்

கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று நம்மிடம் பெயர்கள் உண்டு. ஆனால், உங்கள் கிளிப்பச்சையும் என் கிளிப்பச்சையும் ஒன்றாக இருக்க வேண்டுமே! அதனால்தான் 1931-ல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் நிறங்களை எண்களால் குறிக்கும் முறையை வகுத்தது. நம் தேசியக் கொடிக்கான இந்தியத் தரக்குறிப்பு இம்முறையைப் பின்பற்றுகிறது. கொடியின் காவி நிறத்துக்கு அது தரும் எண்கள் 0.538, 0.360, ஒளிர்வு 21.5 விழுக்காடு. எந்த ஊரில் நெய்தாலும் காவி ஒன்றே.

எண்ணோடு, எந்த விளக்கொளியில் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். வெவ்வேறு நிறமிகளால் ஆன இரு பச்சைகள் வெயிலில் ஒன்றுபோல் தோன்றி, குழல் விளக்கின் கீழ் வேறுபடக் கூடும். விளக்கு மாறினால் பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் கலவையும் மாறும் அல்லவா?

அடியில் உள்ள வெண்மை

அச்சு மை பெரும்பாலும் ஒளி புகும் தன்மையுடையது. ஒளி மையைக் கடந்து, அடியிலுள்ள பரப்பில் பட்டுத் திரும்பி, மீண்டும் மையைக் கடந்தே நம் கண்ணுக்கு வருகிறது. அடிப்பரப்பு மங்கினால் மேலுள்ள நிறமும் மங்கும். எனவே, பாலித்தீன் உறைகளில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறமியைக் கலப்பதுண்டு. ரூட்டைல் வடிவில் இதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7, பாலித்தீனுக்கோ 1.5 அளவே. இந்தப் பெரும் வேறுபாட்டால் நிறமித் துகள்கள் எல்லா நிற ஒளியையும் நன்கு சிதறடிக்கின்றன. அதுவே நமக்கு வெண்மையாகத் தெரிகிறது.

இந்த நிறமிக்கு முக்கிய மூலப்பொருள் இல்மனைட். மண்டைக்காட்டுக்கு அடுத்த மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கரிய தாது அதுதான். கறுப்பு மணலிலிருந்து தூய வெண்மை! வியப்பாக இல்லையா?

மெல்ல மாறும் நிறம்

சில நிறுவனங்கள் ஒரு நிறம் மெல்ல மெல்ல மற்றொன்றாக மாறும் நிறச்சரிவைத் தங்கள் சின்னத்தில் வைக்கின்றன. இங்கேதான் சிக்கல் மிகுதி. நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போவதாகக் கொள்வோம். கணினித் திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவு 0 முதல் 255 வரை. நீலம் என்பது 0, 0, 255. மஞ்சள் என்பது 255, 255, 0. நடுவில் சராசரி எடுத்தால் மூன்றும் ஏறத்தாழ 128. அது சாம்பல் நிறம்! அதே இடத்தில், அச்சுக்குரிய வெளிர்நீல மையும் மஞ்சள் மையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பச்சை தோன்றும். திரையில் ஒளிகள் கூடுகின்றன; மையோ ஒளியை உறிஞ்சிக் குறைக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தும் நடுவழி வேறாகிவிட்டது.

அச்சில் வேறொரு தொல்லையும் உண்டு. நிறச்சரிவு என்பது பெரிதாகியும் சிறிதாகியும் செல்லும் புள்ளிகளின் வரிசையே. பாலித்தீன் உறைகளை அச்சிடும் நெகிழ்தகட்டில் மிகச் சிறிய புள்ளிகள் சரியாகப் பதியா. மற்றவை அழுத்தத்தால் பரவும். ஆகவே, இரு முனைகளை மட்டுமன்றி நடுவிலுள்ள நிறங்களையும் எண்ணால் குறித்துக்கொடுக்க வேண்டும். பொருளை அடையாளம் காட்டும் இடத்தில் ஒரே சீரான நிறமே நம்பத்தக்கது. நிறச்சரிவை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்

1. ஒளி புகும் வண்ண மிட்டாய்த் தாள் ஒன்றை முதலில் வெள்ளைத் தாளின் மீதும், பிறகு பழுப்பு உறையின் மீதும் வைத்துப் பாருங்கள். ஒரே தாள் இரண்டு நிறமாகத் தெரிவது ஏன்?

2. வண்ண அச்சுப் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். எத்தனை நிறப் புள்ளிகள் தெரிகின்றன? நிறம் வெளிறும் இடத்தில் அவை எப்படி மாறுகின்றன?

3. ஒரே பொருளின் பழைய உறையையும் புதிய உறையையும் வெயிலில் ஒருமுறை, வீட்டு விளக்கில் ஒருமுறை ஒப்பிடுங்கள். இரு முறையும் நிறம் ஒத்துப்போகிறதா? கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி, காரணத்தை உங்கள் ஆசிரியருடன் பேசிப் பாருங்கள்.